கல்யாண வீடியோவுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஐ5 9400 பிராசஸர், 16 ஜிபி ரேம், 450 வாட் பவர் சப்ளை. பிரீமியர் புரோவில் எடிட்டிங். ராத்திரி மகன் கேம் விளையாடுவான். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றில் எது காசுக்கு ஏற்றது? கோயமுத்தூரில் வாங்கினால் லாபமா?

பதில்: விலையை மட்டும் பார்த்தால் இன்டெல் ஆர்க் பி580தான். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தது, 12 ஜிபி மெமரி. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாத மதர்போர்டில் ஆர்க் கார்டின் வேகம் ரொம்பவே இறங்கிவிடும். 10-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்று இன்டெல்லே சொல்கிறது. உங்களுடையது 9.

மிச்சம் இரண்டு. என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060, 2025 மே மாதம் 299 டாலருக்கு வந்தது, 8 ஜிபி. அடுத்த மாதமே வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி மாடல் 349 டாலர். கேமுக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் ஏஎம்டி என்பேன். உங்கள் போர்டில் கார்டைச் செருகும் இணைப்பு பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அதில் 5060 எட்டு லேனில்தான் (தரவு போய்வரும் பாதைகள்) ஓடும். 8 ஜிபி நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து அந்த எட்டு லேன் வழியாகவே இழுக்க வேண்டும், கேம் திக்கித் திக்கி நகரும். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன்.

ஆனால் உங்களுக்குச் சோறு போடுவது எடிட்டிங். கேமரா மெனுவைத் திறந்து எந்த வடிவத்தில் பதிவாகிறது என்று முதலில் பாருங்கள். 10 பிட் 4:2:2 (நிற விவரத்தை அதிகமாகப் பதியும் வடிவம்) என்றிருந்தால் 5060 வாங்குங்கள். அந்த வீடியோவின் சுருக்கத்தை 5060 கார்டிலேயே பிரித்துவிடும். என்விடியாவில் 50 வரிசைக்கு முன்னால் இது கிடையாது. 9060 எக்ஸ்டியில் இல்லவே இல்லை, மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். ஆறு கோர் 9400 அதற்குத் தாங்காது. தமிழர்களின் ஆவணி முகூர்த்தமும் மலையாளிகளின் சிங்கமாசக் கல்யாணமும் ஒரே நேரத்தில் வரும் ஊர் உங்களுடையது. அப்போது டைம்லைன் நின்று நின்று ஓடினால் ஆல்பம் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? 4:2:0 (நிற விவரம் குறைவான வடிவம்) என்றால் கவலையே இல்லை, 16 ஜிபி ஏஎம்டி எடுங்கள், மகனுக்கும் சந்தோஷம்.

5060-க்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது என்விடியா. அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் கோயமுத்தூர். வாளையார் தாண்டினாலும் ஜிஎஸ்டி அதே 18 சதவீதம்தான். நீங்கள் கேரளத்தில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி (மாநிலப் பங்கு ஜிஎஸ்டி) போட்ட பில்லுக்கு வரிக்கழிவு எடுக்க, அதாவது அந்த வரியை நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் பாலக்காட்டில் ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள், வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள்.