சூட்டில் ஸ்டார்ட் ஆகாத சி90: டப்பட்டைப் பாருங்கள்
தம்பி, எஞ்சினைப் பிரித்துச் செய்த உங்கள் பழைய ஹொண்டா சி90, மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஓடி நிறுத்தினால் ஆறும்வரை ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறீர்கள். டப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ரொக்கர் கைக்கும் நடுவிலுள்ள சந்து, இறுகியிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. புதிதாகத் தேய்த்த வால்வு, அது வந்து மூடும் சீட்டில் படியப் படிய இடைவெளி குறையும். சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும்.

நம் ஊர் வெயிலில் பகலில் பார்க்க வேண்டாம், விடியற்காலை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். பிளைவீலில் உள்ள ‘டி’ (T) அடையாளத்தை எஞ்சினில் உள்ள அடையாளத்துக்கு நேராக்கினால் இரண்டு ரொக்கரும் கையில் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் பிளைவீலை இன்னொரு முழுச் சுற்று திருப்புங்கள். இரண்டு வால்வுக்கும் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். ரொக்கரில் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்க்ரூவின் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், பலருக்கும் பிழைப்பது அங்கேதான். இறுக்கிய பிறகு கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மறுபடி விட்டுப் பாருங்கள், மெல்லிய பிடிப்போடு இழுபட வேண்டும். சில நாளில் திரும்பவும் இறுகினால் ஹெட்டைக் கழற்றிச் சீட்டைப் பாருங்கள். அப்படியே ஓட்டினால் எக்ஸோஸ்ட் வால்வு எரிந்துவிடும்.