வாசகர் கேள்வி பதில்: கடினமான மலைப்பாதை, புதிய கால்கள்

கேள்வி: தினமும் காலையில் 5 கி.மீ. நடக்கிறேன். மலையேற்றக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். அவர்களுடைய அடுத்த பயணம் 14 கி.மீ.; ‘கடினம்’ என்று அறிவிப்பில் போட்டிருக்கிறார்கள். நான் நடப்பதைப் போல மூன்று மடங்குதானே, சமாளித்துவிடலாமா?

பதில்: முதலில் தூரத்தை ஒதுக்கி வையுங்கள். அறிவிப்பில் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லீடரிடம் கேட்டு வாங்குங்கள். மலையில் நேரத்தையும் களைப்பையும் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த எண்தான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஏறக்குறைய 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதையில் 1,100 மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 50 நிமிடம், ஆக 4 மணி 38 நிமிடம். இது பழகிய கால்களுக்கான கணக்கு, ஓய்வும் இதில் சேரவில்லை. புதியவர்கள் இதன் மேல் பாதியைக் கூட்டி, 7 மணி நேரம் என்றே திட்டமிட வேண்டும்.

‘கடினம்’ என்ற சொல்லையும் விசாரியுங்கள். நீளமான ஏற்றம் என்பதால் கடினமா, பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டியிருப்பதால் கடினமா? இரண்டும் வேறு வேறு. சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் டி1 முதல் டி6 வரையான தரவரிசை பாதையின் தன்மையைத்தான் சொல்கிறது. டி3-லிருந்து ஆங்காங்கே கை ஊன்ற வேண்டிவரலாம். எவ்வளவு களைப்பீர்கள் என்று அது சொல்லாது. நல்ல உடல் வலு உள்ளவர்கூட ஒரு பக்கம் பள்ளமாக இறங்கும் குறுகிய பாதையில் கால் நடுங்கி நின்றுவிடுவதுண்டு. உயரம் பார்த்தால் தலை சுற்றும் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்குப் படிக்கட்டு போதும். ஒரு மாடி சுமார் 3 மீட்டர். தரையிலிருந்து பத்தாவது மாடி வரை ஏறினால் 30 மீட்டர்; பத்து முறை ஏறினால் 300 மீட்டர். முதல் வாரம் பை இல்லாமல் மூன்று சுற்றில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டிக்கொண்டே போய், கடைசி வாரங்களில் முதுகில் 6 கிலோவோடு பத்துச் சுற்றுக்கு வாருங்கள். எட்டு வாரம் பிடிக்கும். ஏறும் நேரத்தை மட்டும் கூட்டினால் 300 மீட்டர் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். முடிந்தால், 1,100 மீட்டர் பாதைக்கு விண்ணப்பிக்கலாம்.

இறங்குவதற்கு லிஃப்டில் போகாதீர்கள். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. பழகாத தசை அதில்தான் நுண்ணியதாகக் கிழிந்து, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். அதனால் படிக்கட்டு நாள்களுக்கு நடுவே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். மலையுச்சியைத் தொட்டுவிட்டு, இறங்கும்போது முட்டி மடங்காமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்றத்துக்கு மட்டும் பழகியவர்கள்தான்.

கேள்வி: குழுவில் எல்லாரும் வேகமானவர்கள். நான்தான் கடைசியாக வருவேன், எனக்காகக் காத்திருக்க வைப்பேனோ என்று கூச்சமாக இருக்கிறது. வேகத்தை எப்படிக் கூட்டுவது?

பதில்: கூட்ட வேண்டாம். கூட்டத்தான் தோன்றும், அதில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். முதல் அரை மணி நேரம் முன்னால் போகிறவரைத் துரத்திவிட்டு, மூச்சு வாங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று போகிறவரைவிட, ஆரம்பத்திலிருந்தே மெதுவாக நிற்காமல் நடப்பவர் முன்னதாக உச்சிக்குப் போய்ச் சேருவார். பேசிப் பாருங்கள்: முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் குறையுங்கள்.

செங்குத்தான இடத்தில் அடிக்கு அடி ஓய்வெடுக்கும் நடை ஒன்று உண்டு. பின்காலின் முட்டியை நேராக நிமிர்த்தி, உடல் எடை முழுவதையும் அந்தக் காலின் எலும்பின் மேல் இறக்குங்கள். முன்காலை அடுத்த இடத்தில் வையுங்கள், ஆனால் எடை ஏற்றாதீர்கள்; அந்தத் தொடை ஒரு கணம் தளரட்டும். பிறகு எடையை மாற்றி எழுங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தொடைக்கு ஒரு கணம் விடுதலை. பார்க்க ஆமை வேகமாகத் தெரியும். மூன்றாவது மணி நேரத்தில் அதன் அருமை புரியும்.

இன்னொரு விஷயம், இது குழு கவனிக்க வேண்டியது. முன்னால் போனவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் வந்து பையை இறக்கப் போகும்போது, ‘எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். ரொம்பக் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. அடுத்த நிறுத்தத்தில் இடைவெளி இன்னும் நீளும். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து உட்கார்ந்ததிலிருந்து எண்ணப்பட வேண்டும். இதை லீடரிடம் தயங்காமல் கேளுங்கள், இது சலுகை இல்லை. இன்னும் நல்லது, லீடருக்கு அடுத்து இரண்டாவது ஆளாக நடப்பது. குழுவின் வேகம் அப்போது தானாகவே உங்கள் வேகத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: அலமாரியில் நண்பர் கொடுத்த நல்ல மலையேற்ற ஷூ ஒன்று பல வருடமாக இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா, புதிதாக வாங்க வேண்டுமா? வேறு என்னென்ன அவசியம்?

பதில்: அலமாரியில் கிடந்த ஷூவை நம்ப வேண்டாம். பல ஷூக்களின் நடுஅடி, அதாவது பாதத்துக்கும் தரையில் படும் அடிப்பாகத்துக்கும் நடுவிலுள்ள மெத்தை அடுக்கு, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்கில் அதை உள்ளுக்குள் சிதைக்கும். மேலே தோல் புதிதுபோல் இருக்கும். மலையில் இரண்டு மணி நேரம் மிதித்ததும் அடிப்பாகம் உதிர்ந்து கழன்றுவிடும். நடுஅடியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெடிப்போ, பொடியோ, பிசுபிசுப்போ தெரிந்தால் அதோடு விட்டுவிடுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் பை சுமந்து சில நாள் ஊருக்குள் நடந்து பார்க்காமல் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

புதிதாக வாங்கினால் மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கட்டிக்கொண்டு ஒரு சரிவில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்சுவரில் இடித்தால் அந்த அளவு வேண்டாம். இடித்துக்கொண்டே இறங்கினால் நகம் கறுத்துப்போகும். இறக்கம் தொடங்கும் இடத்தில் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவதும் அவசியம்: கணுக்கால் மடியும் இடத்தில் கயிற்றை இரண்டு முறை சுற்றி இறுக்கினால் பாதம் முன்னால் நழுவாது.

பருத்தி சாக்ஸ் வேண்டாம். அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தோலும் உரசலும் சேர்ந்தால் கொப்புளம்தான். கொப்புளம் வருமுன் அந்த இடம் சூடாக, லேசாக எரிவதுபோல் இருக்கும். அந்தக் கணமே நிறுத்தச் சொல்லி, தோலைத் துடைத்துக் காயவிட்டு, சுருக்கமில்லாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. அடுத்த நிறுத்தம் வரை பொறுப்போம் என்று நடந்தவருக்கு மிச்சப் பாதை முழுவதும் நரகம்.

மற்றவை: மழைச்சட்டை, ஒரு கதகதப்பான உடுப்பு, விசில், பகல் பயணமானாலும் தலையில் மாட்டும் டார்ச். ஒருநாள் பயணத்துக்கு முதுகுப்பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். கனமானவை முதுகை ஒட்டி நடுவில். பையின் இடுப்புப் பட்டை வயிற்றில் நிற்கக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். ஊன்றுகோல் வைத்திருந்தால் சமதளத்தில் முழங்கை செங்கோணமாக மடியும் நீளம். ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு நீட்டுங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்?

பதில்: மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் அதைவிடக் கூடுதல், தாகத்தையும் கவனியுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். வெயிலில் சோர்ந்தவரைப் போலவே தெரிவதால், இன்னும் குடிக்கச் சொல்லி நிலைமையை மோசமாக்கிவிடுவார்கள். நீண்ட பயணத்தில் உப்புச் சேர்ந்த தின்பண்டமோ ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ கையில் இருக்கட்டும். சாப்பாட்டை உச்சிக்கென்று தள்ளிப்போடாமல், மணிக்கு ஒரு கைப்பிடி கொட்டை, உலர்பழம் என்று தின்றுகொண்டே போங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா இருக்கிறது. மருந்தில் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. படிவத்தில் எழுதினால் குழுவில் சேர்க்க மாட்டார்களோ?

பதில்: எழுதுங்கள், தயவுசெய்து எழுதுங்கள். லீடர் போடும் திட்டமே நீங்கள் கொடுத்த தகவலின் மேல்தான் நிற்கிறது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த இடத்தில் திரும்பிவர வழி இருக்கிறது, கடைசி ஆளாக யாரைப் போடுவது, எல்லாமே. மறைத்தால் நீங்கள் மட்டும் ஆபத்தில் மாட்டுவதில்லை. வாகனம் போகாத இடத்தில் உங்களைத் தூக்கி இறக்கப் பல பேர் வேண்டும், பல மணி நேரம் ஆகும். குளிர்ந்த வறண்ட காற்றும் கடும் உழைப்பும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை என்பதால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஹேலர் பையின் அடியில் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது, எப்படிப் பயன்படுத்துவது என்று லீடருக்கும் இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள். சேர்க்க மாட்டோம் என்று ஒரு குழு சொன்னால், அந்தப் பாதையில் உங்களைப் பார்த்துக்கொள்ள அவர்களால் இயலாது என்று பொருள். எளிய பயணம் ஒன்றைக் கேளுங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் போகும் பயணமானால் இது எல்லாருக்கும் பொருந்தும். அங்கே தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ வந்தால், உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். கூடினால் இறங்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: பாதையில் குழுவைத் தவறவிட்டால்?

பதில்: நின்றுவிடுங்கள். தேடிக்கொண்டு நடக்க நடக்க, தேடுகிறவர்களுக்கான பரப்பு பெருகும். நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு, மறுபடி ஊதுங்கள். பதில் நிமிடத்துக்கு மூன்று ஊதலாக வரும். சில நாடுகளில் மூன்று ஊதலே உதவி கேட்கும் குறி. அதனால் எந்த முறை என்று கிளம்பும் முன்பே குழுவில் பேசிக்கொள்ளுங்கள். ஒதுங்கப் போனால்கூட உங்கள் பையைப் பாதையோரம் வைத்துவிட்டு, பின்னால் வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஒரு குழு பொறுப்பானது என்று சேரும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் வர ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? நடுவழியில் ஒருவரால் முடியவில்லை என்றால் அவரோடு யார் இறங்குவார்? உச்சியை அடையாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் யோசியுங்கள். ‘ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம், அப்போதுதான் வெளிச்சத்திலேயே அடிவாரம் வரலாம்’ என்று கணக்கோடு பதில் வந்தால் பெயரைக் கொடுங்கள். அவர்களும் பதிலுக்கு உங்களிடம் கடைசியாக எவ்வளவு ஏறினீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.