முழுநிலவில் விளக்குப் பொறியில் பிடிபாடு குறைவது குறித்து

வணக்கம். மணற்பாங்கான கடலடியில் இரவில் வைக்கும் விளக்குப் பொறியில் (ஒளியால் ஈர்த்துப் பிடிக்கும் கருவி) ஆம்பிபாடுகள், குமேசியன்கள் ஆகிய சிறு ஓட்டுடலிகள் ஏராளமாகச் சிக்கியதாகவும், முழுநிலவு நாட்களில் அவை அநேகமாக இல்லாமற்போனதால் கூட்டம் அழிந்துவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தத் தரவைக் கொண்டு அந்த முடிவுக்கு வர இயலாது.

பகலில் கண்ணால் வேட்டையாடும் மீன்களிடமிருந்து தப்ப வண்டலுக்குள் புதைந்திருக்கும் இவ்வுயிரினங்கள், இருட்டியபின் இணைசேரவும் இரைதேடவும் இடம்பெயரவும் மேலே நீந்துகின்றன. நிலவொளி மிகுந்தால் அவற்றுள் பல வெளிவருவதைக் குறைக்கின்றன அல்லது நிலவு மறையும்வரை தள்ளிப்போடுகின்றன. அதே நிலவொளி உங்கள் விளக்கின் ஈர்ப்பையும் மங்கச்செய்கிறது. ஆகவே பிடிபாட்டின் வீழ்ச்சியில் விலங்கின் நடத்தை எவ்வளவு, கருவியின் குறை எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

விளக்கில்லாத கூம்புப் பொறியை, அதாவது தரையிலிருந்து மேலெழுபவற்றைப் பிடிக்கும் கூம்பு வடிவப் பொறியை, அதன் விளிம்பு வண்டலில் நன்கு புதையுமாறு வையுங்கள். விளிம்பில் இடைவெளி இருந்தால் பக்கத்திலிருந்து நீந்தி வருபவையும் உள்ளே புகுந்து, அந்தத் தரையிலிருந்து எழுந்தவை எத்தனை என்ற கணக்கையே கெடுத்துவிடும். இரவு முழுவதற்கும் ஒரேயொரு மாதிரியை மட்டும் எடுக்காமல், நிலவு மறைவதற்கு முன்னும் பின்னும் தனித்தனியே எடுப்பது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

உடன், பகலில் வண்டல் மாதிரியெடுத்து 0.5 மி.மீ. சல்லடையில் அலசிப் பாருங்கள். கூட்டம் இருக்கிறதா என்பதை அதுவே சொல்லும். குமேசியன்களை எண்ணும்போது ஆண், பெண் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். பல இனங்களில் நீந்துகால்கள் ஆணுக்கு மட்டுமே உள்ளதால், இரவுப் பிடிபாட்டில் ஆண்கள் மிகுந்திருக்கக்கூடும்.