அவள் கேட்ட கேள்வியிலேயே படிப்பு இருக்கிறது

மதிப்பிற்குரிய ஐயா,

மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்காததிலிருந்து வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டை அடமானம் வைத்தாவது பணம் கட்டி அவளைச் சேர்த்துவிட வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துவதை நான் ஏற்கவில்லை. கடனை அடைக்கப்போவதும் அவர்கள் இல்லை, படிக்கப்போவதும் அவர்கள் இல்லை.

உங்கள் மகளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். நோயாளிகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெந்நீர் ஊற்றியதும் ஒரு பிளாஸ்டிக் குவளை கோணிப்போக, பக்கத்தில் இருந்த இன்னொன்று அப்படியே நின்றது ஏன் என்றுதான் துருவித் துருவிக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு உரிய படிப்பு, பிளாஸ்டிக் போன்ற பொருள்களைப் பற்றிய பாலிமர் பொறியியல்; அதற்குள் மருத்துவக் கருவிகளுக்கான வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் என்று ஒரு தனி உலகமே இருக்கிறது.

மறுபடி மறுபடி பயன்படும் அறுவைக் கருவிகளின் கைப்பிடிகளையும் தட்டுகளையும் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் 121 அல்லது 134 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைத்துக் கிருமிநீக்கம் செய்கிறார்கள். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ 147 டிகிரியில்தான் இளகும் என்பதால் அதுவே போதும் என்று தோன்றும். ஆனால் சூடான நீராவி அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக அறுப்பதால், சுற்றுகள் கூடக்கூட அது விரிசல் விடுகிறது. சுமார் 220 டிகிரியில் இளகும் பாலிபினைல்சல்ஃபோன் என்ற பிளாஸ்டிக்கோ 1000 சுற்றுகளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கிறது. வெப்பம் மட்டுமே சோதனை இல்லை. நீராவியைத் தாங்கும் சாதாரண பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக், கிருமிநீக்கத்துக்கான காமாக் கதிர் பட்டபின் அலமாரியில் இருக்கும்போதே நாளடைவில் நொறுங்கத் தொடங்கும். 343 டிகிரியில் உருகும் 'பீக்' (PEEK) என்ற பிளாஸ்டிக் நீராவி, கதிர் இரண்டையும் தாங்குகிறது. அதன் விறைப்பு டைட்டானியத்தைவிட எலும்புக்கு நெருக்கமானது, எக்ஸ்ரே படத்தையும் மறைக்காது என்பதால் முதுகெலும்பு உள்வைப்புகளில் இடம் பிடித்திருக்கிறது. விலை மிக அதிகம் என்பதால், அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று தீர்மானிப்பதே பொறியாளரின் திறமை. வார்ப்பதும் எளிதன்று: அச்சையே 170 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், இல்லையேல் பொருளின் மேற்பரப்பு சரியாகப் படிகமாகாமல் விளிம்புகளில் கரும்பழுப்பு படரும். இதைக் கண்ணால் பார்த்தே சொல்லும் கைத்தேர்ச்சி உங்கள் மகளுக்கு வாய்க்கும் என்று நம்புகிறேன்.

பெயருக்கு முன்னால் பட்டம் வராது. தொடக்கத்தில் ஆலையில் இரவு ஷிஃப்டும் இருக்கலாம். இவற்றை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன், அவள் தயங்கவில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங் இயந்திரத்தில் மாணவர்களே வேலை செய்கிறார்களா, உடலோடு ஒத்துப்போகும் தன்மையைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 10993 தரநிலையைக் கற்பிக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்கு முன் அவளை ஒரு மோல்டிங் ஆலைக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.