இரண்டு எஜமான்களும் ஓர் ஆர்மோனியமும்

அன்புள்ள ஐயா,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார நாட்களில் பல்கலைக்கழக விடுதியிலும் வார இறுதியில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் உள்ள வீட்டிலும் இருப்பேன். காலையில் வேதம் வாசித்து ஜெபித்த பிறகே வகுப்புக்குச் செல்கிறேன். வெள்ளி இரவு ஜெபக்குழு. ஞாயிறு காலை எங்கள் தமிழ்ச் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். மாலையில் நண்பர்களுடன் ஓர் ஆங்கிலச் சபைக்கும் போவதுண்டு. மற்ற நேரத்தில் கொரியத் தொடர்கள், தமிழ்ப் படங்கள், கைப்பேசி விளையாட்டு. இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய லெந்து (தவக்கால) நாட்கள் நாற்பதிலும் இவை அனைத்தையும் விட்டிருந்தேன். ஆனால் ஈஸ்டர் அன்று இரவே பதினொரு அத்தியாயங்களைத் தொடர்ந்து பார்த்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை. பொழுதுபோக்கு பாவமா? எவ்வளவு நேரம் வரை சரி? எங்கள் மூப்பர் சினிமா உலகத்துக்குரியது என்கிறார். ஆங்கிலச் சபை நண்பர்கள் எதுவுமே தவறில்லை என்கிறார்கள்.

இன்னொரு விஷயம். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் போடும் நாடகத்துக்கு என்னை வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். "இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய முடியாது, மேடையில் வாசிக்கும் விரல் பீடத்துக்கு முன்பு வாசிக்கக் கூடாது" என்கிறார் எங்கள் ஆராதனைக் குழுத் தலைவர். நான் என்ன செய்வது? (கீர்த்தனைகளுக்கு வாசிப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ரொம்ப இழுக்கும்.)

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

பொழுதுபோக்கு பாவமா என்று கேட்டு எனக்கு மாதம் ஓரிரண்டு கடிதங்களாவது வருகின்றன. அவற்றுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், என் சிறுவயதுச் சபையில் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவரைச் சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு வந்த இரண்டாவது வாரத்தில் உங்கள் கடிதம் வந்ததுதான். விரலைப் பற்றிய அந்த வாக்கியத்தை நான் ஏறத்தாழ அதே சொற்களில் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். நாற்பது நாள் கட்டிவைத்த மாட்டை நாற்பத்தோராம் நாள் அவிழ்த்துவிட்டால் அது நேராகப் பயிரில்தான் போய் விழும். இதற்காக மாட்டையும் திட்ட வேண்டாம், பயிரையும் திட்ட வேண்டாம். பதினொரு அத்தியாயங்களை ஒரே இரவில் பார்ப்பது பாவமோ இல்லையோ, மறுநாள் காலை வகுப்பு இருக்கும் மாணவன் செய்கிற காரியமல்ல. எத்தனை மணிநேரம் வரை சரி என்று கேட்கிறீர்கள். விசுவாசத்துக்கு மீட்டர் பொருத்த எனக்குத் தெரியாது. மகிழ்ச்சிக்கு அனுமதி உண்டா என்பது உங்கள் சந்தேகமானால், கானாவூர்க் கலியாணத்தில் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் ஆறு கற்சாடிகள் எதனால் நிரம்பின என்பதை யோவான் இரண்டாம் அதிகாரத்தில் நிதானமாக வாசியுங்கள். அந்த வீட்டு விருந்தாளிகள் இருந்த திராட்சரசத்தை ஏற்கெனவே குடித்துத் தீர்த்தவர்கள். கைப்பேசி விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இனி அந்த எஜமான்களின் வசனத்துக்கு வருகிறேன். மத்தேயு ஆறாம் அதிகாரம் இருபத்துநான்காம் வசனம். உங்கள் குழுத் தலைவர் அதன் முற்பகுதியைச் சொல்லிவிட்டுப் பிற்பகுதியை விழுங்கிவிட்டார். "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" என்று அது முடிகிறது. அது காசைப் பற்றிய வசனம். ஒரு மாணவன் நாடகத்துக்கு வாசிப்பதைத் தடுக்க அதை எடுத்துவந்தவர், சபையில் இரண்டாவது கூட்டுரிமை வீட்டுக்கு முன்பணம் கட்டிய எவரிடமாவது அதை வாசித்துக் காட்டியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் பிரசங்கங்கள் கேட்டு வருகிறேன். அந்த வசனத்தை வாலிபப் பிள்ளைகளின் சினிமா டிக்கெட்டுக்கு எதிராகக் கேட்டிருக்கிறேன். பங்குச் சந்தைக்கு எதிராக ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நாங்கள் அடக்கம் செய்தவரைப் பெட்டி மாமா என்று அழைப்போம். ஆர்மோனியத்தை அந்தக் காலத்தில் பெட்டி என்றுதான் சொல்வார்கள். வார நாட்களில் அவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் எழுத்தர். சனிக்கிழமை இரவுகளில் சமூக மன்றங்களில் நடக்கும் தமிழ் நாடகங்களுக்குப் பெட்டி வாசிப்பார். ஞாயிறு காலை எட்டரை மணிக்குச் சிவந்த கண்களோடு, முதல்நாள் மேடையின் பவுடர் வாசனை போகாத அதே பெட்டியோடு ஆலயத்துக்கு வந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை, எனக்குப் பத்து வயது இருக்கும், அம்மா என்னைக் கோவலன் நாடகத்துக்கு அழைத்துப் போயிருந்தார். செய்தி வந்து கண்ணகி தரையில் விழுந்தபோது மாமா முகாரியில் இழுத்தார். அடுத்த சில நாட்களில் பெரிய வெள்ளிக்கிழமை. மூன்று மணிநேர ஆராதனையில், சிலுவையின் அடியில் மரியாள் நிற்கும் இடத்தில், மறுபடியும் அதே முகாரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணவனை இழந்தவளும் மகனை இழந்தவளும் அழும்போது ஒரே குரலில்தான் அழுகிறார்கள் என்பதை எந்த ஞாயிறு பள்ளி ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. அன்று ஆலயத்தில் நான் அழுதேன். அதுவரை பெரிய வெள்ளி எனக்குப் பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு நாள், அவ்வளவுதான்.

1978இல் சபைக் குழு அவரை அழைத்து, மேடையா ஆலயமா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. குழுவில் இருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். வாக்கெடுப்பில் அவரும் கை தூக்கினார். மாமா வாதாடவில்லை. "பெட்டி என்னுடையது, எடுத்துக்கொண்டு போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைத் துணியால் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். பிறகு இரண்டு ஆண்டுகள் ஒலிநாடாவைப் போட்டுப் பாடினோம். அதற்குப் பின் வந்த பியானோ ஆசிரியை நல்ல திறமைசாலி. ஆனால் கீர்த்தனைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்தார். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகங்கள் போயின. அவற்றோடு கிழவிகளின் குரலும் போயிற்று. எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் அவர்கள் வாயசைத்துக்கொண்டு நின்றது இப்போதும் என் கண்முன் நிற்கிறது.

அந்தக் குழுவில் ஒருவருக்கும் ஆர்மோனியத்தின் கதை தெரியாது. 1842இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற கருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள்தாம் தங்கள் ஆராதனைக்காக அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கால் மிதியை எடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை அழுத்தி மறுகையால் வாசிக்கும் வடிவத்தைக் கல்கத்தாக்காரர்கள் செய்தார்கள். அங்கிருந்து அது நாடக மேடைக்குப் போயிற்று. கமகம் பேசாது என்ற குற்றச்சாட்டில் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை உள்ளேயே விடவில்லை. வித்வான்கள் ஒருபுறம் விரட்ட, அதை ஏற்று வளர்த்தவர்கள் நாடகக்காரர்கள். கட்டைகளுக்கு நடுவே இல்லாத சுரத்தைத் துருத்தியின் மூச்சாலும் விரலின் வேகத்தாலும் இருப்பதுபோல் கேட்கவைக்கும் வித்தையை மாமா மேடையில்தான் கற்றார். அந்த வித்தைதான் ஞாயிறுதோறும் எங்கள் கீர்த்தனைகளைத் தூக்கி நிறுத்தியது. ஆலயம் மேடைக்குக் கொடுத்ததை மேடை மெருகேற்றித் திருப்பிக் கொண்டுவந்தபோது, பவுடர் வாசனை வருகிறது என்று கதவைச் சாத்தினோம்.

இப்போது நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்த வரியைப் பற்றிச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் அதுதான். இடியாப்ப உரலில் ரொட்டி மாவைப் போட்டுப் பிழிந்துவிட்டு இடியாப்பம் நன்றாயில்லை என்று சொல்லக் கூடாது. உங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறார்கள். செஞ்சுருட்டி, ஆதி என்று போட்டிருப்பதை ஒருநாளாவது வாசித்தீர்களா? அதைப் பார்க்காமல், கீபோர்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு தாளப் பொத்தானை அழுத்தி, இடக்கையில் மூன்று சுரங்களை மொத்தமாக அமுக்கிப் பிடித்துக்கொண்டால் அது இழுக்கத்தான் செய்யும். பொறியியல் படிப்பவர் நீங்கள். வரைபடத்தைப் பார்க்காமல் பாலம் கட்ட மாட்டீர்கள்.

இந்தப் பாட்டுகளில் பலவற்றை எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பொழுதுபோக்கைக் கண்டு பயந்த மனிதரல்லர். அவர் காலத்துத் தஞ்சையில் மக்கள் விரும்பிப் பார்த்த ஆட்டம் குறவஞ்சி. தலைவன் உலா வருவான், அவனைக் கண்ட தலைவி காதலில் வாடுவாள், கூடையோடு வரும் குறத்தி கை பார்த்துக் குறி சொல்வாள், அவளைத் தேடிக்கொண்டு பறவை பிடிக்கும் சிங்கன் வருவான். மன்னர் சரபோஜியைத் தலைவனாக வைத்தே ஒரு குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. காதல், குறி, வேட்டை என்று உங்கள் மூப்பர் ஒவ்வொன்றாக அடித்துவிடக்கூடிய சரக்குகள் மட்டுமே உள்ள வடிவம் அது. சாஸ்திரியார் அதிலிருந்து ஒன்றையும் அடிக்கவில்லை. உலா வருகிறவராகக் கிறிஸ்துவை வைத்தார்; சிங்கன் விரித்த வலையை ஆத்துமாக்களைப் பிடிக்கும் வலையாக்கினார்; பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது. உங்கள் ஆராதனைக் குழுத் தலைவர் அன்று தஞ்சாவூரில் பொறுப்பில் இருந்திருந்தால் அவரையும் அழைத்து, குறத்தியா கிறிஸ்துவா என்று கேட்டிருப்பார். (கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்த என் அம்மா இதைக் கேட்டால், "பரமார்த்த குரு கதை எழுதி ஊரைச் சிரிக்கவைத்ததே எங்கள் சாமியார் வீரமாமுனிவர்தானே" என்று குறுக்கே வருவார். அம்மா பிறந்த வீட்டுக்குச் சொந்தச் சபை ஓஃபிர் சாலையில் 1888இல் திறந்த லூர்து மாதா ஆலயம். தமிழர்களுக்கென்று கட்டிய ஆலயம் என்ற பெருமிதம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.)

மூப்பர் சினிமாவை உலகத்துக்குரியது என்கிறாரா? டிசம்பரில் உங்கள் சபையார் புளோக் புளோக்காக ஏறி இறங்கிப் பாடும் கேரல் பாட்டுகளில் எத்தனை, எந்தெந்தப் படத்து மெட்டு என்று அவரிடமே கேளுங்கள். பட்டியல் அவர் வாயிலேயே இருக்கும். மாலை நேர ஆங்கிலச் சபையைப் பற்றியும் ஒரு சொல். என் மருமகன் வற்புறுத்தி அப்படி ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றான். இருட்டு அரங்கு, சுழலும் விளக்கு, புகை, நெஞ்சை உதைக்கும் டிரம்ஸ். எனக்கு ஒரே ஒரு குறைதான்: நான் பாடியது என் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்றவர் பாடியதும் விழவில்லை. ஆயிரம் பேர் நின்ற இடத்தில் தனியாகப் படம் பார்த்துவிட்டு வந்த உணர்வு. ஈஸ்டர் இரவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாகப் பதினொரு அத்தியாயங்கள் பார்த்தீர்களே, அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள். நாடக ஒத்திகையில் நடிகை வசனத்தை மறந்தால் உங்கள் விரல் காத்திருக்க வேண்டும். அவர் அழ ஆரம்பித்தால் உங்கள் கை முதலில் இறங்க வேண்டும். இன்னொருவரின் மூச்சுக்குக் காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் கீர்த்தனைக்கு வாசிக்க வரும். அதனால் போய் வாசியுங்கள். நாடகப் பிரதியை முழுதாக வாசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். யாரையாவது கேவலப்படுத்திச் சிரிக்கும் பிரதியாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதை முடிவு செய்ய உங்களுக்கு மூப்பரும் வேண்டாம், நானும் வேண்டாம்.

1996இல் அப்பா இறந்தபோது எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தோம். இரவு பத்து மணிக்கு மேல் பெட்டி மாமா தம் பெட்டியோடு வந்தார். யாரும் அழைக்கவில்லை. உட்கார்ந்து, அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அந்தக் கிழவிகளில் மிஞ்சியிருந்த மூவர் குரலெடுத்துப் பாடினார்கள். அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "அன்றைக்கு இவரும் கை தூக்கினார் என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டுவிட்டார். மாமா துருத்தியை நிறுத்தாமல், "தெரியும் அண்ணி. முன்வரிசையில் உட்கார்ந்து இருபது வருஷம் எனக்குத் தாளம் தப்பாமல் போட்ட கையும் அதுதான்" என்றார்.

உங்கள் முதல் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று இதைப் படித்துப் பார்த்த என் மனைவி சொல்கிறார். அவரும் கொரியத் தொடர் ரசிகை. பதினொன்று ஒன்றும் அதிகமில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

மாமாவின் மகள் பெட்டியை என்னிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு வாசிக்கத் தெரியாது. துருத்தியின் ஒரு மடிப்பு கிழிந்திருக்கிறது, மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் பேசுவதில்லை. ஏதாவது ஒரு சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் வாருங்கள். உங்கள் சபையின் கீர்த்தனைப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள், என்னிடம் இருப்பது அட்டை போய்ப் பாதியில் தொடங்குகிறது.