29 வயதில் சர்வதேச அரசியலுக்கு மாறுவது பற்றி

வணக்கம். கணினிப் பொறியியல் படித்த நீங்கள், ஐக்கிய நாடுகள் செயலகத்தில் பணியாற்ற 29 வயதில் சர்வதேச அரசியலில் முனைவர் பட்டம் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. செயலகத்தின் தொடக்கநிலைப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் இளம் தொழில்முறையாளர் தேர்வுக்கு (YPP), அவ்வாண்டு அறிவிக்கப்படும் துறைக்குப் பொருந்தும் இளங்கலைப் பட்டமே போதும். ஆனால் தேர்வு நடக்கும் ஆண்டில் வயது 32-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, உங்கள் நாடும் பங்கேற்கும் நாடுகளின் பட்டியலில் இருக்க வேண்டும். நான்கைந்து ஆண்டு ஆய்வை முடிப்பதற்குள் அந்த வாசல் மூடிவிடும். அரசியல் விவகாரப் பிரிவே இலக்கு என்றால் ஓரிரு ஆண்டு முதுகலை பொருத்தமானது. அதில் கோட்பாட்டுடன் புள்ளியியல் முறைகளையும் கட்டாயம் தேர்ந்தெடுங்கள், உங்கள் கணினி அறிவு அங்கேதான் (பலர் தயங்கும் பாடம் அது) கைகொடுக்கும். மீதி நேரத்தைப் பிரெஞ்சுக்குக் கொடுங்கள். ஆங்கிலத்துடன் அதுவும் செயலகத்தின் பணிமொழி.