கேஸ் அடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம்: கார் ஏசி கேள்வி-பதில்

வெயில் ஏறியதும் வந்து குவிகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். ஏசி கூல் ஆகவில்லை, கேஸ் அடித்தால் சரியாகிவிடுமா? நான் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: எப்போது கூல் ஆகவில்லை? நிற்கும்போதா, ஓடும்போதா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா? அதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு ஏப்ரலும் கேஸ் நிரப்புகிறேன், அடுத்த ஏப்ரலுக்குள் காலி. இதெல்லாம் சகஜம் என்கிறார் மெக்கானிக். அப்படியா?

இல்லவே இல்லை. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருளா அது? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற கேஸ், குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். ரப்பர் ஹோஸ், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது எல்லா வண்டியிலும் உண்டு, அதனால் பல வருடம் ஓடிய காருக்கு ஒருமுறை நிரப்புவதில் தப்பில்லை. ஒரே வருடத்தில் காலி என்றால் லீக்.

முதலில் பார்க்க வேண்டியது முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரை, அதாவது கேஸின் சூட்டை வெளியே தள்ளும் பாகத்தை. கல் தெறிப்பதெல்லாம் அதன் மேல்தான். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கசியும் என்பதால் லீக் இருக்கிற இடத்தில் பிசுபிசுப்பாகத் தூசி அப்பியிருக்கும், டார்ச் அடித்தால் கண்ணுக்கே தெரியும். தெரியவில்லை என்றால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் லீக் என்றால்தான் செலவு, பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.

லீக்கை அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் கேஸ், அதுவும் எடை போட்டு. எத்தனை கிராம் என்று பானட்டுக்குள் ஸ்டிக்கரிலேயே இருக்கும், சின்ன கார்களில் அது பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டியே இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு பிரஷர் கேஜை மாட்டி ‘கேஸ் ஃபுல்லா இருக்கு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்-134ஏ என்கிற ஏசி கேஸ் 30 டிகிரி வெயிலில் சுமார் 95 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும், உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை 200 கிராமுக்கும் அதே 95தான், 500 கிராமுக்கும் அதே 95தான். இன்னொன்று, அளவுக்கு மேல் அடித்தாலும் கூலிங் குறையும். ‘கொஞ்சம் சேர்த்தே போடுங்க அண்ணே’ என்று கேட்பவர்கள் கவனிக்க.

சிக்னலில் நின்றால் வெறும் காற்று, பைபாஸ் ஏறினால் குளுகுளு. இதுவும் கேஸ் குறைவுதானா?

கேஸ் குறைந்தாலும் இப்படிக் காட்டும், ஆனால் நான் முதலில் ஃபேனைத்தான் பார்ப்பேன். காருக்குள் இருந்து எடுத்த சூட்டைக் கண்டென்சர் வெளியே தள்ள வேண்டும், அதற்கு அதன் வழியாகக் காற்று போக வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது, நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஏசி போட்டு கண்டென்சர் சூடாகியும் ஃபேன் சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள்.

எளிய சோதனை ஒன்று: வண்டி ஐடிலில் நிற்கும்போது முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மட்டும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே குளிர் திரும்பினால் கோளாறு அந்தப் பக்கம்தான், ஒன்று ஃபேன், இல்லை சேறும் பூச்சியும் அடைத்த கண்டென்சர். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அதைக் கழுவாதீர்கள், தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் திடீரென்று தானாகவே சுற்ற ஆரம்பிக்கும், கை பத்திரம். தொழிலுக்கு வந்த புதிதில் இந்தத் தண்ணீர் சோதனையைச் செய்யாமல் ஒருவருக்கு கம்ப்ரஸரையே மாற்றிக் கொடுத்தேன். கடைசியில் பார்த்தால் போயிருந்தது ஃபேன் ரிலே. அந்தக் கூலியை நான் வாங்கவில்லை.

சென்னையிலிருந்து மதுரை கிளம்பினால் திண்டிவனம் வரை அருமை. அப்புறம் காற்றே வருவதில்லை, ப்ளோயர் சத்தம் மட்டும் கேட்கிறது.

கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயில் உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரஸரை நிறுத்துவதற்கென்றே ஒரு சென்சார் இருக்கிறது, அது கெட்டாலோ இடம் மாறினாலோ கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, காயிலில் படியும் ஈரம் ஐஸாகி, காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். அடுத்த முறை ஏசி பட்டனை மட்டும் அணைத்து ப்ளோயரை முழு வேகத்தில் கால் மணி நேரம் விடுங்கள். காற்று திரும்பி, வண்டிக்கு அடியில் தண்ணீரும் கொட்டினால் சந்தேகமே வேண்டாம். சென்சாரைத் தொடுவதற்கு முன் ஏசி ஃபில்டரைப் பாருங்கள், பல கார்களில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அடைத்துக் கிடந்தாலும் இதே கதைதான்.

முன் சீட்டில் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. லீக்கா?

கேஸ் லீக் இல்லை, கூலிங் காயிலில் சேரும் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் குழாய் அடைப்பு. அடியிலிருந்து மெல்லிய காற்று கொடுத்தால் போதும். கார்பெட்டைத் தூக்கிக் காய வையுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் போகாது.

கடையில் விற்கிற லீக் அடைக்கும் டப்பாவை வாங்கி ஊற்றலாமா?

வேண்டாம். அது லீக்கை அடைக்கிறதோ இல்லையோ, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன துவாரத்தை அடைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் மெஷினும் அடைத்துக்கொள்ளுமே என்று அந்த வண்டியை கேஸ் மெஷினில் மாட்டவே பல ஒர்க்‌ஷாப்பில் யோசிப்பார்கள், நானும்தான்.